தொட்டால் திறக்கும் முகவரி

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்துக் கிராமங்களுக்கு அரசு அறிவிப்பு வந்து சேரும் வழி இப்போது பெரும்பாலும் ஒன்றுதான். யாரோ ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிடிஎஃப் கோப்பைப் போடுகிறார். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு, அங்கன்வாடிப் பணியிடம், பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி என எதுவானாலும் அது பிடிஎஃப்தான். கடைசிப் பத்தியில் ‘மேலும் விவரங்களுக்கு’ என்று ஓர் இணைய முகவரி இருக்கும். அதன் கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி. நீல நிறம் இருக்கும், அடிக்கோடும் இருக்கும். விரலை வைத்து அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

விண்ணப்பம் போட வரும் மாணவி ஜெராக்ஸ் கடையில் கேட்பாள்: “அண்ணா, இதுல வெப்சைட் போட்டிருக்கு, தொட்டா போக மாட்டேங்குது.”

“அது அப்படித்தாம்மா. ஒரு பேப்பர்ல எழுதிக்கோ, கூகுள்ல அடிச்சுப் பாரு.”

கடைக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அது ‘அப்படித்தான்’ இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நாற்பது எழுத்து நீளமுள்ள முகவரியைக் கைப்பேசியில் தட்டும்போது ஒரு புள்ளி தவறினாலும் பக்கம் கிடைக்காது. கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பது விளம்பரமாக இருக்கலாம், பணம் பிடுங்கும் போலித் தளமாகவும் இருக்கலாம். அறிவிப்பைத் தயாரித்தவர் பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் அந்தப் பெண் ஒரே தொடுதலில் சரியான இடத்துக்குப் போயிருப்பாள். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் செய்திருக்க வேண்டிய வேலை என்ன, அது ஏன் இத்தனை முறை விட்டுப்போகிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் பிடிஎஃப் என்ற கோப்பின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடோபி நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் வார்னாக் 1991-இல் ‘கேமலாட்’ என்ற பெயரில் ஒரு திட்டக் குறிப்பு எழுதினார். ஒரு கணினியில் தயாரித்த பக்கம் வேறு எந்தக் கணினியிலும், எந்த அச்சுப்பொறியிலும் அச்சு அசலாக அப்படியே தெரிய வேண்டும் என்பதே அவருடைய கனவு. எழுத்துரு இல்லை, மென்பொருள் இல்லை, பதிப்பு பொருந்தவில்லை என்று எந்தக் காரணத்தாலும் பக்கம் கலையக் கூடாது. 1993 ஜூனில் அக்ரோபாட் மென்பொருளோடு பிடிஎஃப் வெளிவந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், ஏப்ரல் 30 அன்று, ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகம் உலகளாவிய வலையை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்திருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேளையில் வெளியே வந்தன. ஆனால் ஒன்றை நினைத்து மற்றொன்று உருவாக்கப்படவில்லை. பிடிஎஃப் காகிதத்தை நினைத்துப் பிறந்தது.

அதனால் பிடிஎஃப் பக்கத்துக்குள் நாம் நினைப்பதுபோல் வாக்கியமோ சொல்லோ வரியோ இருப்பதில்லை. இருப்பதெல்லாம் வரைவதற்கான கட்டளைகள்: இந்த எழுத்துருவை எடு, இந்த அளவில் வை, இடமிருந்து இத்தனை தூரம், கீழிருந்து இத்தனை தூரம் போ, இந்த எழுத்து வடிவங்களை வரிசையாக வரை. முகவரியின் நீல நிறம் ‘மையை நீலமாக மாற்று’ என்ற கட்டளை. அடிக்கோடு ‘இங்கிருந்து அங்கே ஒரு கோடு போடு’ என்ற இன்னொரு கட்டளை. இவற்றில் எதுவும் கணினிக்கு ‘இது முகவரி’ என்று சொல்வதில்லை. நம் கண்ணுக்குப் பழக்கப்பட்ட அடையாளத்தைக் காட்டுகின்றன, அவ்வளவுதான்.

முகவரியைத் திறக்கவைப்பது வேறொரு பொருள். அது கோப்புக்குள் பக்கத்தின் வரைபடக் கட்டளைகளிலிருந்து விலகித் தனியாக இருக்கிறது. தொழில்நுட்ப ஆவணங்கள் அதை ‘லிங்க் அனோட்டேஷன்’ என்கின்றன. நிலத்தின் புலப்படத்தின் மேல் ஒரு டிரேசிங் தாளை விரித்து, அதில் ஒரு சிறிய கட்டம் போட்டு ‘இந்த இடத்தைத் தொட்டால் இங்கே போ’ என்று குறித்து வைப்பது போன்றது அது. கீழே இருக்கும் படத்துக்கு அந்தக் கட்டம் இருப்பதே தெரியாது. கட்டத்துக்கும் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. இரண்டும் ஒரே இடத்தில் அமைய வேண்டியது தயாரிப்பவரின் பொறுப்பு.

அந்தக் கட்டத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். பிடிஎஃபில் நீளத்தை அளக்கும் அலகு பாயின்ட்; ஓர் அங்குலத்துக்கு 72 பாயின்ட். ஏ4 தாள் 595 பாயின்ட் அகலம், 842 பாயின்ட் உயரம். பள்ளியில் வரைபடத்தாளில் புள்ளி வைத்ததைப் போலவே இங்கும் தொடக்கப் புள்ளி இடது கீழ் மூலை. நம் முகவரி இடது ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளித் தொடங்கி 150 பாயின்ட் அகலம் ஓடுகிறது, எழுத்துகள் தாளின் மேல் விளிம்பிலிருந்து 90-க்கும் 103-க்கும் இடையே நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது செவ்வகத்துக்கு நான்கு எண்கள் போதும்: 72, 739, 222, 752. முதல் இரண்டும் இடது கீழ் மூலை, அடுத்த இரண்டும் வலது மேல் மூலை. 842-இலிருந்து 103-ஐயும் 90-ஐயும் கழித்தால்தான் 739-உம் 752-உம் வரும்.

இந்தக் கழித்தலை மறப்பது நிரல் எழுதுபவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. கணினித் திரைக்குத் தொடக்கப் புள்ளி இடது மேல் மூலை; பிடிஎஃபுக்கு இடது கீழ் மூலை. பைத்தான் மொழியில் இந்த வேலைக்குப் பயன்படும் இரண்டு நூலகங்களில், பைமியூபிடிஎஃப் மேலிருந்து அளக்கிறது, பைபிடிஎஃப் கீழிருந்து அளக்கிறது. ஒன்றில் எடுத்த எண்களை மற்றொன்றில் அப்படியே போட்டால், தலைப்பின் கீழே இருக்க வேண்டிய கட்டம் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். கட்டத்துக்குப் பெரும்பாலும் கோடோ நிறமோ வைப்பதில்லை. அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

செவ்வகத்தோடு ஒரு செயலும் சேர்த்து எழுதப்படுகிறது. 1993-இன் முதல் பிடிஎஃபில் ஆவணத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவும் இணைப்புகள் மட்டும் இருந்தன. 1994-இல் அக்ரோபாட் 2-உடன் வந்த 1.1 பதிப்பில்தான் இணைய முகவரியைத் திறக்கும் செயல் சேர்ந்தது. மின்னஞ்சலுக்குத் தனிச் செயல் இல்லை. ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்கும் இடத்தில் ‘மெயில்டூ’ என்று எழுதி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்தால் போதும். கைப்பேசி அஞ்சல் செயலியைத் திறந்து, பெறுநர் இடத்தை நிரப்பித் தரும். 2008-இல் ஐஎஸ்ஓ 32000 என்ற எண்ணில் பிடிஎஃப் உலகத் தரநிலை ஆனபோதும் இந்த அமைப்பு மாறவில்லை.

கைப்பேசிக்கு வரும்போது ஒரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. மேலே சொன்ன செவ்வகத்தின் உயரம் 13 பாயின்ட். தாளில் அது நாலரை மில்லிமீட்டர். 21 சென்டிமீட்டர் அகலத் தாள் 7 சென்டிமீட்டர் திரைக்குள் சுருங்கும்போது அந்த உயரம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆண்ட்ராய்டு செயலிகளை வடிவமைப்பவர்களுக்குச் சொல்லப்படும் பரிந்துரை, தொடுமிடம் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது. வேலை செய்து காய்த்த விரலுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் எந்த மூலைக்கு? செவ்வகம் எழுத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று எந்தத் தடையும் இல்லை. மேலும் கீழும் சில பாயின்ட் தாராளமாக விட்டு வைக்கலாம். ஒரு முகவரிக்கும் அடுத்ததற்கும் இடையே வரி இடைவெளியைக் கூட்டலாம். இதைச் செய்த அரசு அறிவிப்பை நான் பார்த்தது மிக அரிது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். ‘செவ்வகம் வைக்காத சில பிடிஎஃப்களிலும் முகவரி திறக்கிறதே?’ உண்மைதான். அக்ரோபாட் ரீடர் போன்ற சில மென்பொருள்கள் பக்கத்தில் உள்ள எழுத்துகளைத் தாமே சேர்த்துப் படித்து, முகவரி போலத் தெரிவதை இணைப்பாக்கிக் காட்டுகின்றன. மூன்று டபிள்யூ வந்தால், ‘எச்டிடிபி’ வந்தால், நடுவில் அட் குறி இருந்தால் அது முகவரியாக இருக்கலாம் என்பது ஊகம். இந்த வசதி உங்கள் கணினியில் இருக்கும். கடைநிலைக் கைப்பேசியில் வாட்ஸ்அப்பிலிருந்து நேரே திறக்கும் செயலியில் இல்லாமல் போகலாம். தயாரித்தவர் தன் மேசையில் தொட்டுப் பார்த்துவிட்டு ‘எனக்குத் திறக்கிறதே’ என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இது.

ஊகம் எங்கெல்லாம் சறுக்கும் என்று பார்த்தால், எல்லா மொழிக்கும் உள்ள பள்ளங்களோடு தமிழுக்கு என்றே சில பள்ளங்களும் உண்டு. வாக்கியத்தின் கடைசியில் முகவரி வந்தால் முற்றுப்புள்ளியும் முகவரியில் சேர்ந்துவிடும். அடைப்புக்குறிக்குள் வந்தால் மூடும் குறி சேரும். நீண்ட முகவரி வரி உடைந்து அடுத்த வரிக்குப் போனால், முதல் பாதி மட்டும் இணைப்பாகி, பாதி முகவரியில் போய் நிற்கும். பிடிஎஃபுக்கு வரி என்பதே கிடையாது என்பதால், இரண்டு துண்டும் ஒன்றுதானா என்று ஊகிப்பது கடினம். இவை எல்லா மொழிக்கும் பொது.

தமிழுக்கே உரிய பள்ளம் வேறு. தமிழில் நாம் வேற்றுமை உருபை ஒட்டி எழுதுகிறோம். ‘டிஎன்பிஎஸ்சி டாட் கவ் டாட் இன்’ என்ற முகவரியை எழுதிவிட்டு, இடைவெளி விடாமல் ‘இல்’ என்று சேர்த்து ‘விண்ணப்பிக்கலாம்’ என்று முடிக்கிறோம். ஒரு காலத்தில் இணைய முகவரியில் ஆங்கில எழுத்து மட்டுமே வரும் என்பதால், தமிழ் எழுத்து வந்த இடத்தில் மென்பொருள் நின்றுவிடும். இப்போது ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே களப்பெயர்கள் இருக்கின்றன. முகவரிக்குள் தமிழ் எழுத்து வருவது விதிப்படி சரி. ஆகவே அந்த ‘இல்’ முகவரியின் பகுதியா, வாக்கியத்தின் பகுதியா என்று மென்பொருளால் தீர்மானிக்க முடியாது. விழுங்கிவிட்டால் இணைப்பு உடைந்தது. பழைய அரசாணை நடையில் ‘என்ற இணையதள முகவரியில்’ என்று எழுதுவார்கள். பலருக்கு அந்த நீட்டல் பிடிக்காது. ஆனால் முகவரிக்குப் பின் ஓர் இடைவெளியைக் கட்டாயமாக்கி, உருபைத் தள்ளி நிறுத்துவது அந்த ‘என்ற’தான். நான் அதை விடச் சொல்ல மாட்டேன்.

பழைய எழுத்துருக்களின் கதை இன்னும் மோசம். யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தன. 1999-இல் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியேற்றங்களையும் ஏற்றது. யூனிகோடு தமிழக அரசின் தரமானது 2010-இல். இன்றும் டிடிபி கடைகளில் பழைய எழுத்துருக்கள் ஓய்ந்துவிடவில்லை. அப்படித் தயாரித்த பிடிஎஃபில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கோப்புக்குள் இருப்பது பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசை. அதற்குள் முகவரியைத் தேடும் மென்பொருள் இல்லாததைக் கண்டுபிடிக்கும், இருப்பதைத் தவறவிடும்.

நம் நாட்டு அரசு இணையதளங்களுக்கே உரிய ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மாவட்ட இணையதளங்களில் மின்னஞ்சல் முகவரியை எழுதும்போது அட் குறிக்குப் பதில் பகர அடைப்புக்குள் ‘அட்’ என்றும், புள்ளிக்குப் பதில் ‘டாட்’ என்றும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். இணையத்தைத் துழாவி முகவரிகளைத் திரட்டும் நிரல்களிடமிருந்து தப்பிக்கும் உத்தி அது. அங்கிருந்து நகலெடுத்து அதே வடிவில் பிடிஎஃபிலும் ஒட்டிவிடுகிறார்கள். விளைவு, குறை சொல்ல விரும்பும் ஒரு விவசாயி அந்த அடைப்புக்குறிகளோடேயே முகவரியைத் தட்டி, அஞ்சல் போகவில்லை என்று விட்டுவிடுகிறார். தனிமனிதரின் முகவரியை மறைத்து எழுதினால் புரிந்துகொள்ளலாம். மக்கள் எழுத வேண்டும் என்பதற்காகவே திறந்த முகவரியை மக்களிடமிருந்து மறைப்பது சரியல்ல. குப்பை அஞ்சலை வடிகட்டும் வேலை அஞ்சல் சேவையகத்தினுடையது. அந்தச் சுமையைக் குடிமகனின் தலையில் வைக்கக் கூடாது.

செவ்வகங்கள் தொலைந்துபோகும் இடங்களில் மிகச் சாதாரணமானது ‘பிரின்ட்’ பொத்தான். வேர்டில் முகவரியைத் தட்டி இடைவெளி விட்டால் அது தானாக நீலமாகி இணைப்பாகிறது. அந்த ஆவணத்தை ‘சேவ் ஆஸ்’ போய் பிடிஎஃபாகச் சேமித்தால் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு செவ்வகம் எழுதப்படும். அதே ஆவணத்தை ‘பிரின்ட்’ கொடுத்து, அச்சுப்பொறிப் பட்டியலில் ‘மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பக்கம் துளியும் மாறாமல் வரும். செவ்வகம் ஒன்றுகூட வராது. காரணம், அச்சு வழியில் போவது மை எங்கே விழ வேண்டும் என்ற செய்தி மட்டுமே. காகிதத்தைத் தொட முடியாது என்பதால், தொடுவது பற்றிய தகவல் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் இந்தத் தவறு ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் தொடர்கிறது.

அடுத்த காரணம் அலுவலக நடைமுறை. கடிதம் கணினியில் தட்டச்சாகிறது, அச்சாகிறது, அதிகாரி கையெழுத்துப் போடுகிறார், முத்திரை விழுகிறது, பிறகு அந்தத் தாள் ஸ்கேன் ஆகி பிடிஎஃபாகிறது. இப்போது பக்கத்தில் எழுத்தே இல்லை. ஒரே ஒரு புகைப்படம் இருக்கிறது. ஊகிக்கும் மென்பொருளுக்கும் படிக்க எதுவும் இல்லை. மின் கையொப்பம் போட்டால் இந்தச் சுற்று தேவையில்லை. மையால் கையெழுத்திடுவது தவிர்க்க முடியாது என்றால், தட்டச்சான மூலக் கோப்பிலிருந்து நேரே எடுத்த பிடிஎஃபையும் சேர்த்து வெளியிடலாம்.

ஸ்கேன் செய்த பக்கத்திலும் செவ்வகம் வைக்க முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. செவ்வகத்துக்குக் கீழே எழுத்து இருக்கிறதா, படம் இருக்கிறதா என்று அதற்குக் கவலையே இல்லை என்று பார்த்தோம் அல்லவா? அந்தக் குருட்டுத்தனமே இங்கே வரமாகிறது.

உத்திரமேரூரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஊர் நடுவே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. 919-இலும் 921-இலும் வெட்டப்பட்டவை. ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரித்து, வாரியம் எனப்படும் ஊர்ச்சபைக் குழுக்களுக்குத் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லும் குடவோலை முறையை விரிவாகச் சொல்பவை இவை. வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் ஓலையில் வரக் கூடாது என்ற நிபந்தனைகள் எல்லாம் அங்கே உண்டு. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர்.

கல்வெட்டு ஆய்வாளர்கள் இவற்றை ‘1898-ஆம் ஆண்டு, எண் 1, எண் 2’ என்று குறிப்பிடுகிறார்கள். கல்வெட்டுத் துறை படியெடுத்த ஆண்டும் வரிசை எண்ணும் அது. கல்வெட்டு அறிஞர் வெங்கையா இவற்றைப் பற்றித் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் எழுதினார். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி 1932-இல் வெளியிட்ட சோழர் ஆய்வு நூலில் பாடத்தோடு விவாதித்தார். இந்த நூல்களும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும் இன்று ஸ்கேன் பிடிஎஃப்களாக இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் ஒரு நூலின் அடிக்குறிப்பில் ‘1898, எண் 1’ என்று படித்தவர், அந்தப் பாடம் இருக்கும் பக்கத்துக்குத் தானே தேடித்தான் போக வேண்டும். அதுவும் ஒரு முகவரிதான். நூறாண்டுக்கு மேலாக அறிஞர்கள் நம்பிப் பயன்படுத்தும் முகவரி. அந்த அடிக்குறிப்பின் மேல் ஒரு செவ்வகம் வைத்து, பாடத்தின் பக்கத்துக்கும், சுவரின் நல்ல புகைப்படத்துக்கும் வழி காட்டினால், உத்திரமேரூர்ப் பள்ளி மாணவர் ஒருவர் தன் ஊர்க் கோயிலின் சுவரைக் கையில் கைப்பேசியோடு படிக்க முடியும். இதற்குப் பக்கத்தின் எழுத்தைக் கணினிக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. நான்கு எண்ணும் ஒரு முகவரியும் போதும். ஒரு கல்லூரி வரலாற்றுத் துறை ஒரு பருவத்தில் முடித்துவிடக்கூடிய வேலை இது. யாராவது எடுத்துச் செய்ய வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை.

முகவரியைச் செவ்வகத்துக்குள் எழுதும்போது தமிழ் இன்னொரு முறை குறுக்கே வருகிறது. பிடிஎஃப் தரநிலை இங்கே அடிப்படை ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் குறிகளையும் மட்டுமே எதிர்பார்க்கிறது. தமிழ் எழுத்தை அனுப்ப வேண்டுமானால் அதை பைட்டுகளாக உடைத்து, ஒவ்வொரு பைட்டுக்கும் முன் ஒரு சதவீதக் குறி போட்டு எழுத வேண்டும். மின்னஞ்சல் இணைப்பில் ‘பொருள்’ என்ற இடத்தை முன்கூட்டியே நிரப்பித் தரலாம் என்பது நல்ல வசதி. அதில் ‘உத்திரமேரூர்’ என்று மட்டும் எழுத நினைத்தால் என்ன ஆகிறது? நம் கணக்கில் ஏழு எழுத்து. யூனிகோடு புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனியாக எண்ணுவதால் பன்னிரண்டு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 36. ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாவதால், ஓர் ஊர்ப்பெயர் 108 எழுத்து நீள வால் ஆகிறது. படிப்பவர் கண்ணுக்கு அது தெரியப்போவதில்லை. கைப்பேசி அதை மீண்டும் தமிழாக்கிக் காட்டிவிடும். ஆனால் நிரல் எழுதுபவர் இதைச் செய்யாமல் தமிழை அப்படியே போட்டால், ஒரு செயலியில் சரியாக வரும், இன்னொன்றில் கேள்விக்குறிகளாக வரும்.

கண்ணுக்குத் தெரியும் எழுத்துக்கும் செவ்வகம் போகும் இடத்துக்கும் தொடர்பே இல்லை என்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பக்கத்தில் அரசு முகவரி என்று எழுதிவிட்டு, மேலே வைத்த செவ்வகத்தில் திருட்டுத் தளத்தின் முகவரியைப் போடலாம். பணம் வருகிறது, அபராதம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பும் மோசடிக் கோப்புகள் இதைத்தான் செய்கின்றன. இணைப்பைத் தொட்டதும் பல மென்பொருள்கள் போகும் முகவரியைக் காட்டி ‘திறக்கலாமா’ என்று கேட்கும். அதை வாசிக்காமல் ‘ஆம்’ கொடுக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. உலாவி திறந்தவுடன் மேலே உள்ள முகவரி ‘கவ் டாட் இன்’ என்றோ ‘நிக் டாட் இன்’ என்றோ முடிகிறதா, அதற்குப் பின் ஒட்டிக்கொண்டு வேறு பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு ஆதார் எண்ணைத் தட்டுங்கள்.

வெளியான பிடிஎஃப் தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 2019 நவம்பரில் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தபோது, உத்திரமேரூருக்குப் பக்கத்து மதுராந்தகம் புதிய மாவட்டத்துக்குப் போனது. அதற்கு முன் வெளியான அறிவிப்புகள் மதுராந்தகத்துக்காரரை இன்னும் காஞ்சிபுரம் தளத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ஆவணத்தின் முதல் பக்கத்தில் வெளியிட்ட தேதியைத் தெளிவாகப் போடுவது இதற்கு எளிய மருந்து.

கண் தெரியாதவர்களைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. அவர்களுக்குச் செவ்வகம் மட்டும் போதாது. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அந்தச் செவ்வகம் எந்தச் சொற்களுக்கு உரியது என்று அறிய, கோப்பின் கட்டமைப்பில் ‘இது இணைப்பு’ என்ற குறிப்பும், எங்கே போகும் என்ற விளக்கமும் வேண்டும். 2012-இல் வந்த பிடிஎஃப்/யூஏ தரநிலை இதைக் கட்டாயமாக்குகிறது. ஒரே பக்கத்தில் ஐந்து இடத்தில் ‘இங்கே தொடவும்’ என்று இருந்தால், காதால் கேட்பவருக்கு ஐந்தும் ஒன்றுதான். ‘விண்ணப்பப் படிவம்’, ‘பாடத்திட்டம்’ என்று பெயர் சொல்லி இணைக்க வேண்டும்.

டிடிபி வேலை செய்பவர்களுக்கும் அலுவலகத் தட்டச்சர்களுக்கும் சில சொற்கள். வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் முகவரியை நகலெடுத்து ஒட்டினால் பல நேரம் அது இணைப்பாகாது. கடைசி எழுத்துக்குப் பின் கர்சரை வைத்து ஒருமுறை இடைவெளி தட்டுங்கள். பிடிஎஃப் எடுக்க ‘பிரின்ட்’ வழியைத் தொடாதீர்கள். ‘சேவ் ஆஸ்’ அல்லது ‘எக்ஸ்போர்ட்’ போங்கள். இன்டிசைனில் ஏற்றுமதிப் பெட்டியில் ‘ஹைப்பர்லிங்க்ஸ்’ கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். முகவரி இரண்டு வரிக்கு உடைந்தால், வாக்கியத்தை மாற்றியாவது ஒரே வரியில் கொண்டுவாருங்கள். முகவரி மிக நீளமென்றால் பக்கத்தில் ஒரு க்யூஆர் கோடும் வையுங்கள். அச்சடித்த தாளை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும்போது அதுதான் உதவும். வேலை முடிந்ததும் கோப்பை உங்கள் கைப்பேசிக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒவ்வொரு முகவரியையும் தொட்டுப் பாருங்கள். கணினித் திரையில் பார்த்தது சோதனை ஆகாது.

படிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் அறிவிப்பில் முகவரி திறக்கவில்லை என்றால், கூகுளில் தேடிச் சமாளித்துக்கொண்டு போய்விடாதீர்கள். அதை வெளியிட்ட அலுவலகத்துக்கு இரண்டு வரி எழுதுங்கள்: எந்த அறிவிப்பு, எந்தப் பக்கம், எந்த முகவரி, எந்தக் கைப்பேசி. மூலக் கோப்பு அவர்களிடம்தான் இருக்கிறது. சரியான பொத்தானை அழுத்தி மீண்டும் ஒருமுறை சேமித்தால் அன்றைக்கே திருத்திவிடலாம்.